கோம்பைக்கு ஒரே வாய்

மலையேறும் பேருந்து என்னைவிட வயதில் இளையது. ஆனாலும் எனக்கு முன்னால் களைத்துப்போய், ஒரு வளைவில் ஆவி விட்டுக்கொண்டு நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கிப் பார்த்தார். நடத்துநர் இறங்கிப் பார்த்தார். பிறகு இருவரும் சேர்ந்து வானத்தைப் பார்த்தார்கள்.

"எறங்கி நில்லுங்க. இஞ்சின் ஆற அரை மணி ஆவும்."

"ஆறுனா ஏறுமா?" என்று கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் கேட்டாள்.

"ஏறுறதும் ஏறாததும் அது இஷ்டம்மா. நம்ம கையில இன்னா கீது?"

புரட்டாசிக் கடைசி. தூறலா பனியா என்று சொல்ல முடியாத ஓர் ஈரம் சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தடுப்புச் சுவரில் உட்கார்ந்தேன். கீழே கலசப்பாக்கம் பக்கத்து வயல்கள் பச்சைத் துண்டுகளாகக் கிடந்தன. ஐம்பதைத் தாண்டியவனுக்குப் பயணக் களைப்பு பயணத்துக்கு முந்தின நாளே வந்துவிடுகிறது. மிச்சமிருப்பது அதைச் சுமந்துகொண்டு போவது மட்டும்தான்.

கூடவே நான் ஒரு சொல்லையும் சுமந்து போனேன். வட்டார வழக்குகளைத் தொகுத்துக்கொண்டிருக்கும் நண்பர் ஓர் அட்டையை என்னிடம் நீட்டியிருந்தார். 'கோம்பை: பள்ளத்தாக்கு. மலை வழக்கு.' அவ்வளவுதான் அதில் இருந்தது. "பழைய சொல்லுய்யா. தெற்கே அந்தப் பேர்ல ஓர் ஊர் இருக்கு, ஒரு நாய் ஜாதி இருக்கு. ஜவ்வாது மலையில இன்னும் பேச்சிலேயே இருக்காம். போய் நாலு வாக்கியம் கேட்டுட்டு வா. உன்னால்தான் ஒரு இடத்துல உட்கார முடியாதே" என்றார். உண்மைதான். உட்கார்ந்த இடத்தில் எனக்கு முதலில் கண்ணில் படுவது கதவு.

காவிரியின் கடைமடையில் பிறந்தவன் நான். எங்கள் ஊரில் பள்ளம் என்றால் மழைத் தண்ணீர் இரண்டு நாள் கூடுதலாக நிற்கும் இடம். ஆழம் கணுக்காலோடு முடிந்துவிடும். பள்ளத்தாக்கு என்ற சொல்லைப் பாடப்புத்தகத்தில் படித்தபோது தவறி விழுந்த ஒரு பெரிய வாய்க்காலைத்தான் நினைத்துக்கொண்டேன்.

பேருந்துக்கு அன்று இஷ்டமில்லை. பின்னால் வந்த ஷேர் ஜீப்பில் ஏழு பேர் உட்காரும் இடத்தில் பதின்மூன்று பேரோடு நானும் மடங்கி உட்கார்ந்தேன். ஓட்டியவர் மாணிக்கம். ஐம்பது வயதிருக்கும். ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் எல்லாருக்குமான பதில்.

"இன்னா சார், சுத்திப் பாக்கவா?"

"கோம்பை பாக்க."

தக்காளிக் கூடையோடு இருந்த பெண் சிரித்தாள். "அங்க இன்னா சார் கீது? மாடுதான் கீது."

செங்கத்திலிருந்து ஏறிய பஞ்சு வியாபாரி எனக்காக இரக்கப்பட்டார். "எங்க பக்கம் பஞ்ச எடுத்துட்டா செடியில வெறும் ஓடு நிக்கும் பாருங்க. அதுதாங்க கோம்பை."

"அது உங்க பக்கம்" என்றார் மாணிக்கம். "எங்க பக்கம் வெறும் ஓடு இல்ல. உள்ள சரக்கு கீது. நாளைக்கு காலையில சின்னப்பொண்ணு வூட்ல எறக்கி வுடுறேன். அவங்களுதுதான் வாய்வூடு."

வாய்வூடு என்றால் என்ன என்று கேட்பதற்குள் ஒரு பள்ளத்தில் ஜீப் குதித்து, தக்காளி எல்லாம் என் மடிக்கு வந்துவிட்டது.

மறுநாள் காலையில் புரிந்தது. மூன்று பக்கமும் மலை. நான்காவது பக்கம் இரண்டு மலைக்கால்கள் நெருங்கி வந்து, ஒரு மாட்டுவண்டி நுழையும் அளவுக்கு மட்டும் இடம் விட்டு நின்றன. அந்த இடைவெளிதான் வாய். அங்கே இரண்டு கல்தூண்கள், தூண்களில் துளைகள், துளைகளில் குறுக்கே செருகிய மூன்று மூங்கில் கழிகள். வாயை ஒட்டி ஓர் ஓட்டு வீடு, நான்கு பெரிய புளியமரங்கள். வெளியே சாமைக் கதிர் முற்றிக்கொண்டிருந்தது. பயிர் நிற்கும் மாதங்களில் ஊர் மாடுகள் எல்லாம் கோம்பைக்குள் போய்விடும். கழி இருக்கும்வரை பயிருக்கும் பயமில்லை, மாட்டுக்கும் பயமில்லை. ஒரே ஒரு வீடு காவல் இருந்தால் போதும். காவலுக்குக் கூலி அந்த நான்கு மரத்துப் புளி.

சின்னப்பொண்ணுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கலாம். கணவர் குடகில் காப்பித் தோட்டத்தில். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. களியும் கொள்ளுக் கடைசலும் வைத்துவிட்டு எதிரில் குந்தினாள். எங்கள் பக்கத்தில் சோற்றை மெல்வோம். இங்கே களியை மெல்லாமல் விழுங்க வேண்டுமாம். நான் மென்றதைப் பார்த்துப் பார்வையை நாகரிகமாகத் திருப்பிக்கொண்டாள்.

"பள்ளத்தாக்குன்னா கோம்பைதானே?" என்று நோட்டை எடுத்தேன்.

"அது எப்டிங்க? ரெண்டு பக்கமும் தொறந்து கீறது கணவாய். அதுல போறவன் போய்ட்டே இருப்பான். கோம்பைன்னா போனவன் அதே வழியில திரும்பி வரணும்." விரலால் தரையில் வரைந்தாள். "இது வாய். நடுவுல புல்லு கீறது மடி. தண்ணி எறங்குற இடம் தல."

"வேற எப்படி எல்லாம் பேசுவீங்க?"

யோசித்தாள். "எங்க வூட்டுக்காரரு போன் பண்ணா, 'எங்க கீற'ன்னு கேப்பேன். 'கோம்பையில கீறேன்'ம்பாரு. பத்திரமா கீறேன், எங்கியும் போவலன்னு அர்த்தம். அத்தயே எங்க பொண்ணு சொன்னா வேற. மாமியார் வூட்லருந்து 'கோம்பையில கீறேம்மா'ன்னா மாட்டிக்கினேன்னு அர்த்தம்."

எழுதினேன். ஒரே சொல், பத்திரத்துக்கும் சிறைக்கும். அகராதிக்காரருக்கு இது போதும், மத்தியானப் பேருந்துக்கே கிளம்பிவிடலாம் என்று தோன்றியது. எனக்கு எப்போதும் அப்படித்தான் தோன்றும்.

அப்போது தவிட்டு வாளியோடு குப்பன் வந்தான். முப்பது வயது, வாய் நீளம். அவனுடைய செவலைப் பசு உள்ளே இருந்தது. தலைச்சன் கன்று, இன்றோ நாளையோ என்ற நிலை.

"இன்னா அக்கா, டவுன்காரர உள்ள வுடப் போறியா? போன வருசம் எரும போனாப்ல இவரும் போய்ட்டா?"

"எரும வாலாட்டுச்சு. இவரு எழுதுறாரு. வித்தியாசம் தெர்ல உனுக்கு?"

"எனுக்குத் தெரியும். ஊருக்குத் தெரியணுமே. ரெண்டாவது தடவ மாடு தாண்டுச்சுன்னா வாய் கைமாறும், ஞாபகம் வெச்சுக்கோ. மேல்வூட்டுக்காரன் இப்பவே உன் புளிய எண்ணிக்கினு கீறான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவள் சிரிக்கவில்லை.

நான் உள்ளே போகும்போது கழிகளை உருவிவிட்டு, பக்கத்துச் செடியில் ஒரு நொச்சிக் கொத்தை ஒடித்துத் தூணில் செருகினாள். "இது உங்க தழ. உள்ள ஆளு கீதுன்னு நான் பாத்துக்கினே இருப்பேன். வெளிய வர்றப்ப எடுத்து வீசிட்டு, கழியப் போட்டுடுங்க." தலையாட்டினேன். ஒரு வாக்கியத்தை முடிக்காமல் இருந்ததால் நோட்டைப் பார்த்தபடியே ஆட்டினேன்.

உள்ளே ஒலி வேறாக இருந்தது. நான் வைக்கும் அடி எனக்கு ஒரு கணம் தாமதமாகக் கேட்டது. மடியில் புல் இடுப்பளவு. மாடுகள் தலை தூக்கி என்னைப் பார்த்து, பயனில்லை என்று கண்டு, மறுபடி குனிந்தன. செவலை ஒரு பாறையோரம் தனியாக, உலகத்தின் எடையெல்லாம் வயிற்றில் ஏறியதுபோல் நின்றிருந்தது. தலைக்குப் போனபோது முட்டி வலி எடுத்தது. பாசிப் பாறையில் தண்ணீர் சத்தமில்லாமல் வழிந்தது. அதற்கு அப்பால் ஒன்றுமில்லை, வெறும் கற்சுவர். நான் வாழ்நாளெல்லாம் எதையாவது தாண்டிப் போனவன். தாண்ட ஒன்றுமில்லாத இடத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. அரை மணி நேரம் உட்கார முயன்றேன். முடியவில்லை.

மூன்று மணிக்கு வாய்க்கு வந்தேன். சின்னப்பொண்ணு வீட்டில் இல்லை. தூரத்தில் சாமைக் காட்டில் கிளி விரட்டும் குரல் கேட்டது. கழிகளை உருவி வெளியே வந்து, மூன்றையும் ஒழுங்காகச் செருகினேன். அதில் எனக்குச் சிறு பெருமை கூட. ரோட்டில் பைக்கில் போன ஒருவர் நிறுத்தி, "காவலூரு போறேன், வர்றீங்களா?" என்றார். அங்கே பரோட்டா கிடைக்கும் என்றார். ஏறிக்கொண்டேன்.

காவலூரில் வானத்தைப் பார்க்கும் பெரிய தொலைநோக்கிக் கூண்டுகள் மேகத்துக்குள் மூடிக் கிடந்தன. பரோட்டா தோல்செருப்புப்போல் இருந்தது. கடைக்காரர் சொன்னார்: "இங்க வேல பண்றவங்களும் உங்கள மாரிதாங்க. மேகம் வெலகட்டும்னு ஒக்காந்துனே கீறாங்க." திரும்பும் பேருந்து வரவில்லை. ஒரு அறையில் ஈரப் போர்வைக்குள் படுத்து, நான்கு வாக்கியங்களும் கிடைத்துவிட்ட நிம்மதியில் தூங்கினேன்.

மறுநாள், சின்னப்பொண்ணு வீட்டில் விட்டிருந்த பையை எடுக்கத்தான் போனேன்.

வாய்வீட்டு வாசலில் குப்பன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். சின்னப்பொண்ணின் இரண்டு கைகளிலும் முட்கீறல்கள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"உயிரோடதான் கீறீங்க" என்றாள். குரல் கட்டிப்போய், காற்றாக வந்தது.

தூணைப் பார்த்தேன். நொச்சி வாடித் தொங்கியது.

பொழுது சாயும்வரை என் தழையைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் வரவில்லை. டவுன்காரர், தலைப் பாறையில் வழுக்கி விழுந்திருப்பார் என்று தேடப் போயிருக்கிறாள். "எதிர்ல வந்துட்டீங்கன்னா இருட்டுல உங்களுக்குக் கழி உருவ வராதேன்னு மேல் ரெண்டையும் எடுத்து வெச்சிட்டுப் போனேன்." கோம்பை முழுக்கக் கூப்பிட்டிருக்கிறாள். என் பெயர் அவளுக்குத் தெரியாது. சார் சார் என்றே கூப்பிட்டிருக்கிறாள். மூன்று மலையும் அதைத் திருப்பிச் சொல்லியிருக்கின்றன. ஒவ்வொரு தடவையும் நான்தான் பதில் சொல்கிறேன் என்று அந்தப் பக்கம் ஓடியிருக்கிறாள். அவள் தலைக்குப் போயிருந்த நேரத்தில் செவலை கீழ்க்கழியைத் தாண்டி வெளியே போய்விட்டது. ஈனப் போகும் மாடு தனியிடம் தேடுமாம்.

இது இரண்டாவது தடவை. மேல்வீட்டுக்காரர் சொல்லி, மறுநாள் சாயங்காலம் ஊர்க்கூட்டம்.

"தப்பு என்னுது. கூட்டத்துல நானே சொல்றேன்" என்றேன்.

"சொல்லுங்க, சொல்லுங்க" என்றான் குப்பன், தலை நிமிராமல். "அதுக்கு மொதல்ல மாடு எங்கன்னு சொல்லுங்க."

அன்று முழுக்கத் தேடினோம். தேடினார்கள் என்பதே சரி. நான் அவர்களுக்குப் பின்னால் மூச்சு வாங்கினேன். எங்கள் ஊரில் மாடு தொலைந்தால் வரப்பில் ஏறி நின்றால் போதும், அடிவானம் வரை தெரியும். இங்கே நாற்பது அடிக்கு அப்பால் எல்லாம் வேறொரு மறைவு. மத்தியானம் சின்னப்பொண்ணு மடியிலிருந்த சாமைச்சோற்று உருண்டையை மூன்றாகப் பிய்த்தாள். குப்பன் தன் பங்கை வாங்காமல் நடந்தான். அவள் அதை இலையில் சுற்றி வைத்துக்கொண்டாள். நான் என்னுடையதைத் தின்றேன். வெட்கமாகத்தான் இருந்தது. பசியும் இருந்தது.

கூட்டத்து நாள் காலை, ஆறு மணி இருக்கும். வாயில் ஒரு கதறல். செவலை தானாகவே வந்து கழியின்மேல் கழுத்தை வைத்து நின்றது. வயிறு ஒட்டியிருந்தது. மடி கனத்துத் தொங்கியது. கன்று இல்லை.

குப்பன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டான். உள்ளே விட்டுக் கழியைப் போட்டான். மாடு தண்ணீரைக் கூடத் தொடவில்லை, தவிட்டை முகரவில்லை. கழிக்குள் நின்று வெளியே பார்த்துக் கதறியது.

"கன்னு செத்திருக்கும்" என்றான். "நரி இழுத்திருக்கும். மாடாவது வந்துச்சே."

சின்னப்பொண்ணு மடியைத் தொட்டுப் பார்த்தாள். காம்பைப் பார்த்தாள். "ஊட்டிட்டு வந்து கீது. காம்பு ஈரமா கீது பாரு. பொதருல ஒளிச்சு வெச்சிட்டு, பழக்கத்துல வாய்க்கு வந்திருக்குது. கூடவே போனா காட்டும்."

"வெளிய வுடச் சொல்றியா? இப்பதான வந்துச்சு?"

"உள்ளயே வெச்சா மாடு இருக்கும். கன்னு பொழுதுக்குள்ள செத்துடும்."

அவளுக்கும் அது தெரிந்துதான் இருக்க வேண்டும்: மாடு திரும்பிவிட்டது என்று கூட்டத்தில் சொல்லலாம், பாதிப் பேராவது விட்டுவிடுவார்கள். மறுபடி வெளியே போய் வராமல் போனால் சொல்ல ஒன்றுமே இருக்காது. அவளுடைய புளியமரங்கள் நான்கும் தலைக்குமேல் பிஞ்சு விட்டு நின்றன. அவள் அவற்றைப் பார்க்கவில்லை. கழியிலும் கை வைக்கவில்லை. குப்பனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் என் பக்கம் திரும்பினான். "சார், நீங்க இங்கயே ஒக்காருங்க. மத்த மாடு தாண்டாம பாத்துக்கணும். எங்கியும் போயிடாதீங்க."

மூன்று கழிகளையும் அவனே உருவினான். செவலை அவனை இடித்துக்கொண்டு போயிற்று. இருவரும் தூரம் விட்டு, பேசாமல் அதன் பின்னால் நடந்தார்கள். நான் கழிகளைச் செருகிவிட்டுத் தூணடியில் உட்கார்ந்தேன்.

ஏழு மணி நேரம். புகைப்பதற்குக் கூட எழவில்லை. கால் மரத்தது, முதுகு எரிந்தது, தூறல் வந்து போயிற்று. மாடுகள் ஒவ்வொன்றாக வந்து என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பின. மேல்வீட்டுக்காரர் ஒருமுறை ரோட்டோரம் நின்று, "வாய் ஆளில்லாம கீதா?" என்று கேட்டார். "நான் இருக்கேன்" என்றேன். அந்தச் சொல்லை நான் அவ்வளவு உறுதியாக வேறெங்கும் சொன்னதில்லை.

ஒரு மணிக்கு மேல் குப்பனின் தோளில் நான்கு கால்கள் தொங்குவது தெரிந்தது. தொப்புள் இன்னும் உலராத கன்று. முன்னங்காலில் எறும்பு மொய்த்த புண். உயிர் இருந்தது. செவலை அவன் கையை நக்கிக்கொண்டே வந்தது. சின்னப்பொண்ணு கடைசியாக, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

கூட்டம் மாரியம்மன் கோயில் முன்னால். தீர்ப்புச் சொல்லும் ஊர்க்கவுண்டராக வந்து உட்கார்ந்தவர் ஜீப் ஓட்டிய மாணிக்கம். சட்டை மட்டும் வேறு. நானே முந்திக்கொண்டு எழுந்தேன். தழையை எடுக்காமல் போனது நான்தான் என்றேன், அந்தம்மா என்னைத் தேடப் போனதால்தான் நடந்தது என்றேன். பொறுமையாகக் கேட்டார்.

"உங்க தப்பு உங்க ஊர்ல செல்லும் சார். இங்க உங்களுக்கு வூடு கெடையாது. வூடு இல்லாத ஆளு மேல நாங்க இன்னாத்த ஏத்துறது? உள்ள வுட்டவங்க மேலதான் வரும். ஒக்காருங்க."

உட்கார்ந்தேன். பெண்கள் பக்கம் சின்னப்பொண்ணு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குப்பா, மாட்டுக்காரன் நீ. செவல வாய் தாண்டுச்சா இல்லியா?"

"தாண்டுச்சு."

மேல்வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"இன்னிக்கு காலையில தாண்டுச்சு" என்றான் குப்பன். "நான்தான் கழிய உருவி வுட்டேன். மூணையும். கன்னு தேட. சாரு பாத்தாரு."

"முந்தாநாளு ராத்திரியே செவல ரோட்டுல நின்னுச்சே. எம் பையன் பாத்தான்" என்றார் மேல்வீட்டுக்காரர்.

"மாடு என்னுது மாமா. காணோம்னு நான் ஊருல யார்கிட்டயாச்சும் சொன்னேனா? ஒம் மாடு தாண்டுனா நீ சொல்லு."

யாரோ பின்னால் இருமினார்கள். மாணிக்கம் என்னைப் பார்த்தார். "பாத்தீங்களா சார், இவன் உருவுனத?"

"பார்த்தேன்."

"வெளியூரு ஆளு சாட்சி செல்லுமா?" என்றார் மேல்வீட்டுக்காரர்.

"தப்புக்குத்தான்யா வூடு வேணும். சாட்சிக்குக் கண்ணு போதும்." மாணிக்கம் எழுந்துகொண்டார். "ஒடையவனே தொறந்து வுட்டா அது வாய்வூட்டு மேல வராது. வாய் இருக்குற எடத்துல இருக்கட்டும். ஜீப்புக்கு ஆளு காத்துனு கீது, நான் வர்றேன்."

திரும்பும் பாதை ஒற்றையடி. குப்பன் முன்னால், அவள் நடுவில், நான் கடைசியில். "ஏன்டா, கன்னு கால்ல மஞ்சள் வெச்சியா?" என்று மட்டும் அந்தக் காற்றுக்குரலில் கேட்டாள். "வெச்சேன்க்கா" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் மாடுகளைப் பார்த்து, கழிகளை இழுத்துப் பார்த்து, களி கிண்டினாள். தட்டை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்: "நாளைக்கு மொத பஸ்ஸுலயே போய்டுங்க சார். தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க இங்க கீற வரைக்கும் எனுக்குத் தூக்கம் வராது."

தப்பாக எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. களியை அன்று மெல்லாமல் விழுங்கினேன்.

விடியற்காலை பேருந்து நிறுத்தம் வரை கூடவே வந்தாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. பேருந்து வந்தது. ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, கையசைத்தேன். அவள் கையசைக்கவில்லை. நான் உட்கார்ந்துவிட்டேனா என்று எட்டிப் பார்த்தாள். நடத்துநர் விசில் கொடுத்து, வண்டி நகர்ந்து, வளைவில் பாதி திரும்பும்வரை அங்கேயே நின்றாள். பிறகுதான் வீட்டுப் பக்கம் நடந்தாள்.